ஒன்றரைக் கட்டை

வேலணையில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. நான் முன்வரிசையில் இருந்தேன். மேடையில் அவருக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், இரண்டு பேர் நீளமாகப் புகழ்ந்து பேசினார்கள். பிறகு அறிவிப்பாளர், நமது மூத்த பாடகர் இப்போது தமது புகழ்பெற்ற பாடலைப் பாடுவார் என்றார். சனம் கைதட்டியது. ஒலிபெருக்கியில் கிற்றார் எழும்பியது. அவர் மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டார்.

முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வந்துகொண்டிருந்தது அவருடைய குரல்தான். ஆனால் அது நாற்பது வருடங்களுக்கு மேல் பழைய குரல். இசைத்தட்டைத்தான் ஓடவிட்டிருந்தார்கள். மேடையில் நின்ற மனிதர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது சரணத்தில் அவருடைய பார்வை ஒருமுறை என்மேல் விழுந்து, உடனே விலகியது.

தீவுப்பகுதியில் ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் அவரைத் தெரியும். ஊர்காவற்றுறைக் கடற்தொழில் குடும்பம். இளவயதில் மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து கிற்றார், பொங்கோ, அக்கோடியன் வைத்து ஒரு பாட்டுக் கோஷ்டி நடத்தினார். தொழிலுக்குப் போகிறவர்கள் பாடும் மெட்டுகளை எடுத்து, அதற்குக் கிற்றாரைப் போட்டுப் பாடுவார்கள். கோயில் திருவிழா, சேர்ச் பெருநாள், கலியாண வீடு, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். கொழும்பில் ஒரேயொரு இசைத்தட்டுப் போட்டார்கள். அதில் இரண்டு பாட்டு. வள்ளத்துக்குக் காத்து நிற்கும் பெண்ணைப் பற்றிய பாட்டை வானொலி திரும்பத் திரும்பப் போட்டது. பிறகு சண்டைக் காலம் வந்தது. கூட்டாளிகள் மூன்று பேரும் மூன்று நாடுகளுக்குப் போனார்கள். இவர் போகவில்லை. படகு எஞ்சின் திருத்தினார், கூப்பிட்ட இடத்தில் கிடைத்த ஆட்களோடு சேர்ந்து பாடினார். இப்போது எழுபத்து நான்கு வயது.

விழாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு அவருடைய கழுத்தில் இருந்த கழலையை வெட்டி எடுத்தார்கள். குரல் மாறலாம் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். மாறித்தான் போனது. மேலே மேலே ஏறி நின்று விளையாடிய குரல், மணலில் வள்ளத்தை இழுக்கும் சத்தம்போலக் கீழே உரசிக்கொண்டு வந்தது.

நான் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. முப்பத்து மூன்று வருடங்கள் தீவுப் பாடசாலைகளில் படிப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சேர்ச்சில் கீபோர்ட் வாசிப்பேன். அவரும் மனைவியும் அதே சேர்ச்சுப் பங்கைச் சேர்ந்தவர்கள். அதுதான் எங்களுக்குள் இருந்த பழக்கம்.

விழாவுக்கு அடுத்த நாள் காலை அவருடைய மோட்டார் சைக்கிள் என் வாசலில் நின்றது. உள்ளே வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"ரீச்சர், நேற்று பார்த்தனீர்தானே?"

"ஓம் அண்ணை."

"கண்டுபிடிச்சிட்டீர் என்ன?"

"ஓம்."

"சனம் கண்டுபிடிக்கேல்லை. அதுதான் எனக்குப் பெரிய வெக்கமாய்க் கிடக்கு. என்ரை வாய் அசைஞ்சாலே அவையளுக்குக் காணும். நான் பாடோணும் எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை."

அவர் சட்டைக்குள்ளிருந்து மடித்த கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுக்குள்ளை எட்டுப் பாட்டுக் கிடக்கு. ஆஸ்பத்திரியிலையும் பிறகு வீட்டிலையும் இருந்து எழுதினது. பழைய பாட்டை இந்தக் குரலாலை பாட ஏலாது. இந்தக் குரலுக்கு எண்டு புதுசாய் ஒரு அல்பம் செய்வம். நீர் இசை போட்டுத் தாரும்."

கொப்பியைத் திறந்து பார்த்தேன். காதல் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஒன்று, கிளினிக்கில் இலக்கத் துண்டோடு காத்திருக்கும் மனிதனின் பாட்டு: 'இலக்கம் முப்பத்தி ரெண்டு, என்னைக் கூப்பிட இன்னும் நேரமிருக்கு.' இன்னொன்று, வெளிநாட்டுக்காரர் திருவிழாவுக்கு வரும்போது, வருடத்தில் ஒரு கிழமை மட்டும் பெயின்ற் வாசம் வீசும் புங்குடுதீவு வீடுகளைப் பற்றியது. மூன்றாவது, ஐம்பது வருடமாகச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடும் மனைவிக்கு. எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. ஆனால் ஒரு வரியையும் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓம் என்றேன்.

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு அவருடைய வீட்டில் வேலை. முதல் நாள் முழுவதும் சுருதி தேடுவதிலேயே போனது. ஆர்மோனியத்தில் கட்டை கட்டையாக எண்ணித்தான் நாங்கள் சுருதியைச் சொல்வோம். கட்டை கூடக் கூடக் குரல் உயரத்தில் நிற்கவேண்டும். அந்தக் காலத்தில் அவர் நாலு கட்டையில் நின்று பாடியவர். நான் நாலில் தொடங்கினேன். அவர் வாய் திறந்தார், காற்றுத்தான் வந்தது. மூன்றரை, மூன்று, இரண்டரை என்று இறங்கினேன். ஒவ்வொரு படி இறங்கும்போதும் அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரைக் கட்டையில் குரல் தரையைத் தொட்டதுபோல் நின்றது.

"இஞ்சை நிக்குது" என்றார். "இவ்வளவு கீழையோ?"

"கீழைதான் அண்ணை. ஆனால் நிக்குது."

குசினியிலிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். அந்த அக்கா அதிகம் கதைக்கமாட்டார், கதைத்தால் சுருக்கமாகக் கதைப்பார். மூன்றாவது பாட்டு முடிந்த அன்று, எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். "எனக்கு எழுதின பாட்டெண்டு சொல்லுறார். அதைக் கேக்க எனக்குப் பசிதான் வருகுது" என்றார். அதைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கும்போது மட்டும் பழைய குரலின் ஒரு துண்டு வெளியே வந்து போனது.

ஏழெட்டு மாதத்தில் எட்டுப் பாட்டும் தயாராகின. யாழ்ப்பாணத்தில் ஒருவர் மேல்மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர், பொறுமையானவர். இரண்டு நாள் அங்கே போய்ப் பதிவு செய்தோம். முதலில் நான் என் வாசிப்பைப் பதிந்து கொடுத்தேன். அவர் கண்ணாடி அறைக்குள் நின்று, காதில் அதைக் கேட்டுக்கொண்டு பாடினார்.

கிளினிக் பாட்டின் கடைசிச் சரணத்தில் ஒரு நீண்ட அடி இருக்கிறது. அந்த அடியின் முடிவில் அவருடைய குரல் முறிந்தது. திரும்பப் பாடினார், திரும்பவும் அதே இடத்தில் முறிந்தது. மற்றப் பாட்டுகளிலும் அங்கங்கே சுருதி அரை மயிரிழை விலகியது. அவர் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காணும், இதுதான் வரும்" என்றார். சந்தோசமாகத்தான் இருந்தார்.

எனக்கு அன்றைக்கு நித்திரை சரியாக வரவில்லை. அடுத்த நாள் காலை ஒலிப்பதிவுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, அந்த முறியிற இடங்களைக் கொஞ்சம் சரிப்படுத்த ஏலுமே?"

"ஏலும் ரீச்சர். கொம்பியூட்டரிலை செய்யலாம். சுருதியையும் நேராக்கி விடலாம். அண்ணைக்குச் சொன்னனீங்களோ?"

"அவருக்குச் சொல்லத் தேவையில்லை. அவருக்கு நல்லதுக்குத்தானே."

இரண்டு கிழமை கழித்து, கேட்டுப் பார்க்க வரும்படி கூப்பிட்டார்கள். இருவரும் போனோம். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முதல் பாட்டை முழுக்கக் கேட்டார். கிளினிக் பாட்டை இரண்டு தரம் போடச் சொன்னார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்தார்.

"ஆர் இந்தப் பெடியன்?"

ஒலிப்பதிவுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் கண்டுவிட்டார்.

"நீரோ ரீச்சர் சொன்னனீர்?"

"ஓம் அண்ணை. கொஞ்சம்தான் செய்யச் சொன்னனான்..."

"வேலணையிலையும் கொஞ்சம்தானே. வாயை மட்டும்தானே அசைச்சனான்."

அவர் சத்தம் போடவில்லை. படியால் இறங்கிப் போய்விட்டார். நான் பஸ் நிலையத்துக்குப் போனபோது ஊர்காவற்றுறை பஸ் புறப்பட்டிருந்தது. அடுத்த பஸ்சில் தனியாக வந்தேன்.

அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் சேர்ச்சில் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். நான் கீபோர்டில் பாட்டைத் தொடங்கும்போது கண்ணாடியைத் துடைப்பதுபோலப் பின்னுக்குப் பார்ப்பேன். எல்லாரும் பாடுவார்கள். அவருடைய வாய் திறக்காது. அக்கா மட்டும் தூரத்திலிருந்து தலையசைப்பார்.

அந்த நாட்களில் நான் என்னோடுதான் வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு நல்லதுக்குத்தான் செய்தேன் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். சனம் அவரைப் பகிடி பண்ணக்கூடாது என்று நினைத்தேன், அது பிழையா என்று கேட்டேன். ஆனால் பாத்திரம் கழுவும்போது, பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும்போது, வேறொரு எண்ணம் மேலே வந்தது. அல்பத்தில் 'இசை' என்று என் பெயர் இருக்கும். என்னோடு படிப்பித்தவர்கள் கேட்பார்கள், என்னிடம் படித்தவர்கள் கேட்பார்கள். சங்கீத ரீச்சர் எப்படி இதை விட்டாள், அவளுக்குக் காது கேட்காமல் போய்விட்டதா என்று சொல்லுவார்கள். நான் பயந்தது அதற்கு. அவருடைய குரலை நான் நேராக்கச் சொன்னது என்னுடைய மானத்துக்காக.

அதை ஒத்துக்கொண்ட பிறகு இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. பல வருடங்களுக்கு முன்பு, பாடசாலைக் குழுப்பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒரு பெண்பிள்ளை. ஆசையாகப் பாடுவாள். கரகரத்த குரல், மற்றப் பிள்ளைகளோடு சேராது. அவளை நிறுத்தவும் மனமில்லை, வெல்லவும் வேண்டும். போட்டிக்கு முதல் நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ நாளைக்கு வாயை மட்டும் அசை" என்று சொன்னேன். அவள் ஓம் ரீச்சர் என்றாள். அடுத்த நாள் நான் சொன்னபடியே செய்தாள். எங்களுக்கு முதலிடம் கிடைத்தது. படம் எடுக்கும்போது அவளும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை வருடங்களாக நான் அதைக் கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன். எவரையும் அழவைக்காமல் காரியத்தைச் செய்தேன் என்று. வேலணை மேடையைப் பார்த்தபோதுகூட எனக்கு அந்தப் பிள்ளை ஞாபகம் வரவில்லை. விழாக்காரர்களில்தான் கோபம் வந்தது.

நாலாவது கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தார்.

"பின்னாலை எஞ்சினோடை இருக்கிறார். போய்க் கதையும். நான் இடையிலை வரேல்லை."

அவர் பலகையில் இருந்து ஒரு எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. பக்கத்திலிருந்த முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார். நான் இருந்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டிய வசனங்களை வரும் வழியில் யோசித்து வைத்திருந்தேன். அவற்றைச் சொல்லாமல் அந்தப் பெண்பிள்ளையின் கதையைச் சொன்னேன். போட்டி, முதலிடம், படம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பிள்ளை பிறகு பாடினவளே?"

"தெரியாது அண்ணை. கலியாணம் முடிச்சு எங்கையோ போயிட்டாள்."

"பாடியிருப்பாள். உமக்குத் தெரியாமல் பாடியிருப்பாள்."

அதில் கோபம் இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பிறகு, "என்னிலை பிழை அண்ணை. என்ரை பேர் கெட்டுப்போகும் எண்டுதான் செய்தனான். உங்களுக்காக இல்லை" என்றேன்.

"அது எனக்கு அண்டைக்கே விளங்கினது" என்றார். "நீர் சொல்லுவீரோ எண்டுதான் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

பழைய பதிவையே அப்படியே விடலாம், மாற்றாதது ஒலிப்பதிவுக்காரரிடம் இருக்கும் என்று நான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி அறைக்குள் நின்று பாடும்போது ஆஸ்பத்திரி ஞாபகம் வந்ததாம். காதுக்குள் ஆளில்லாத இசையைக் கேட்டுப் பாடவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இஞ்சை, வீட்டிலை பாடுவம். நீரும் பக்கத்திலை இருந்து வாசியும்" என்றார்.

ஒலிப்பதிவுக்காரர் மைக்குகளையும் கொம்பியூட்டரையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு வந்தார். முன்விறாந்தையில் பாய்களைத் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைத்தார். மின்விசிறி ஓடக்கூடாது, குசினியில் பொரியல் தாளிப்பு ஒன்றும் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து மூலையில் கதிரை போட்டு இருந்தார். சித்திரை வெயில். எல்லாருக்கும் வியர்த்து ஓடியது. இம்முறை இருவரும் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பதிந்தோம்.

கிளினிக் பாட்டு வந்தது. கடைசிச் சரணம், அந்த நீண்ட அடி. அவர் மூச்சைப் பிடித்துப் போனார். அதே இடத்தில் குரல் மறுபடி முறிந்தது. ஆனால் இந்த முறை நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மூச்சு எடுக்க இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. நான் தாளத்தைத் தள்ளிக்கொண்டு போகாமல், பிடித்திருந்த சுரங்களின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மூச்சை எடுத்து, முறிந்த இடத்திலிருந்தே மெல்ல அடுத்த அடிக்கு வந்தார். வந்து சேர்ந்தபோது என்னைப் பார்த்துச் சின்னதாய்த் தலையாட்டினார். கூடத்தில் நான் முன்கூட்டியே பதிந்து கொடுத்த வாசிப்பு எவருக்காகவும் நிற்கவில்லை. அவர் அதன் பின்னால் ஓடிவந்துதான் விழுந்தார். முப்பத்து மூன்று வருடம் சங்கீதம் படிப்பித்த எனக்கு, பக்கவாத்தியம் காத்து நிற்கவேண்டும் என்பது அன்றைக்குத்தான் கையில் தெரிந்தது.

ஐந்தாவது பாட்டின் நடுவில் அனலைதீவுப் படகு துறையிலிருந்து புறப்படும் சத்தம் வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரர், "அண்ணை, இன்னொருக்கால் போவமே? எஞ்சின் சத்தம் விழுந்திட்டுது" என்றார்.

"உது நான் போன மாதம் திருத்தின எஞ்சின். நல்லாய்த்தானே ஓடுது, இருக்கட்டும்" என்றார் அவர்.

அது இருக்கிறது. ஐந்தாவது பாட்டில் இப்போதும் கேட்கலாம்.

அல்பம் இணையத்தில் வெளிவந்தது. பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. கீழே வந்த கருத்துகளை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'பழைய குரல் எங்கே?' என்று பலர் கேட்டிருந்தார்கள். 'ஐயா ஓய்வு எடுக்கலாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வாசிக்காமல் தாண்டிப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு அதையும் வாசித்தேன். "அவர் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்ததை வாசிக்கச் சொன்னார். அவருடைய பழைய அக்கோடியன்காரர் வெளிநாட்டிலிருந்து ஒரு குரல் தகவல் அனுப்பியிருந்தார். குரலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அழுதுகொண்டே பேசியதால் பாதி விளங்கவில்லை. அதை அவர் எனக்கு ஒரு தரம் மட்டும் போட்டுக் காட்டினார்.

என் பெயர் கெட்டதா என்றால், கொஞ்சம் கெட்டதுதான். என்னோடு படிப்பித்த ஒருவர் தொலைபேசியில், "சுருதி அங்கங்கை விலகுது, நீங்கள் கவனிக்கேல்லையோ?" என்று கேட்டார். கவனித்தேன் என்று சொன்னேன். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் எழுதவேண்டும். போன ஆவணியில் ஒருநாள் நானும் அவரும் அக்காவும் யாழ்ப்பாணம் போய்விட்டுப் பின்னேர பஸ்சில் திரும்பிக்கொண்டிருந்தோம். பண்ணைப் பாலம் தாண்டியதும் சாரதி பாட்டுப் போட்டார். வள்ளத்துக்குக் காத்து நிற்கும் பெண்ணின் பழைய பாட்டு. பஸ்சில் இரண்டு பேர் சேர்ந்து முணுமுணுத்தார்கள். அவர் எனக்கு இரண்டு சீற் முன்னால், அக்காவுக்குப் பக்கத்தில் யன்னலோரம் இருந்தார், தொப்பி போட்டிருந்ததால் ஒருவரும் அடையாளம் காணவில்லை. அது முடிந்து, அடுத்ததாகக் கிளினிக் பாட்டு வந்தது. சாரதி தெரிந்து போட்டாரா, தானாக வந்ததா தெரியாது.

பின்னால் இருந்த ஒருவர், "உது வேண்டாம் தம்பி. பழையதைத் திருப்பிப் போடு" என்றார்.

சாரதி கையை நீட்டினார். அப்போது எனக்குப் பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பெண், மடியில் மருந்துப் பையும் கிளினிக் கொப்பியும் வைத்திருந்தவர், "இருக்கட்டும், விடுங்கோ" என்றார். "நான் இண்டைக்கு விடிய ஏழு மணிக்குப் போய் நாப்பத்தோராம் இலக்கம். ரெண்டு மணிக்குத்தான் கூப்பிட்டவை. இவருக்கு முப்பத்திரண்டு எண்டால் பரவாயில்லை."

பஸ் சிரித்தது. சாரதி கையை எடுத்துக்கொண்டார். அந்த நீண்ட அடி வந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. குரல் முறிந்தது, கீபோர்ட் நின்றது, குரல் திரும்பி வந்தது. அந்தப் பெண் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இதைப் பாடினவர் உயிரோடை இருக்கிறாரோ?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம், இருக்கிறார்" என்றேன்.

முன் சீற்றில் இருந்த அவர் திரும்பிப் பார்க்காமல்தான் இருந்தார். அக்கா மட்டும் கையை எடுத்து அவருடைய தோளில் விழுந்திருந்த தூசியைத் தட்டிவிட்டார். பாட்டு முடிந்ததும் சாரதி வேறு ஏதோ சினிமாப் பாட்டுக்கு மாறினார். அந்தப் பெண் வேலணையில் இறங்கி, மருந்துப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு நடந்தார்.